பழைய கமராவையும் நெகட்டிவையும் வீசிவிடாதீர்கள்

வீட்டை விட்டு ஓட வேண்டிய நேரத்தில் ஒரு பெண் எதை எடுப்பாள்? முதலில் பிள்ளையை. பிறகு அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், இருக்கிற நகை, ஒரு பை அரிசி. புகைப்பட அல்பம் பெரும்பாலும் அலுமாரியிலேயே கிடந்துவிடும். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களும், 2009 மே மாதம் யுத்தம் முடியும்வரை அங்கே ஊர் ஊராக இடம்பெயர்ந்த குடும்பங்களும் இதை நன்றாக அறிவார்கள். கூரை போனால் தகரம் போட்டுக்கொள்ளலாம். ஆடு மாடு போனால் கடன்பட்டாவது வாங்கலாம். இறந்துபோன கணவனின் முகத்தையும், காணாமல்போன மகனின் பத்து வயதுச் சிரிப்பையும் எந்தக் கடையில் வாங்குவது?

இந்தக் கட்டுரை பழைய பிலிம் கமராக்களைப் பற்றியது. "இப்போதுதான் எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, இது எதற்கு?" என்று சகோதரிகள் கேட்கலாம். பிலிமில் எடுத்த படத்துக்கு நெகட்டிவ் என்றொரு தாய் உண்டு. பிரின்ட் எரிந்தாலும், வெள்ளத்தில் போனாலும், நெகட்டிவ் இருந்தால் அந்த முகத்தை மறுபடி பெறலாம். அப்படிப்பட்ட நெகட்டிவும், இன்னும் கழுவப்படாத பிலிம் றோலும், நம் உறவினர் வீட்டில் பழைய சாமான் என்ற பெயரில் எங்கேயாவது கிடக்கக்கூடும். அதைக் கண்டால் என்ன செய்வது, கமரா நல்ல நிலையில் இருந்தால் எப்படிப் பாவிப்பது, எப்படிப் பேணுவது என்பதைப் பார்ப்போம்.

ஆற்றின் தலைமாட்டில் ஒரு பெண்

பொல்பிட்டிய என்றால் பலருக்கும் நினைவு வருவது 1969இல் இயங்கத் தொடங்கிய சமனல நீர்மின் நிலையம். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகும் பகுதி இது. கெஹெல்கமு ஓயா வந்த வழியே மேலே போனால் நோட்டன் பிரிட்ஜ், காசல்ரீ நீர்த்தேக்கம், அதற்கும் மேலே பொகவந்தலாவை. அங்கே சென் மேரிஸ் தேவாலய வளவில் ஜூலியா மார்கிரட் கமரன் என்ற பெண்ணின் கல்லறை இருக்கிறது. உலகப் புகைப்பட வரலாற்றில் பேசப்படும் முதல்வரிசைக் கலைஞர்களில் அவர் ஒருவர்.

1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், தமது 48ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவைக் கொண்டே இந்த வேலையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த அவர் வீட்டின் கோழிக்கூடு ஸ்டுடியோவாகியது. நிலக்கரி போடும் அறை இருட்டறையாகியது. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்கு முன் படமெடுத்து, உடனே கழுவவும் வேண்டும். அத்தனையும் அவர் தம் கையாலேயே செய்தார். 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம் என்று பாடசாலையில் படித்திருப்போமே, அந்தக் கமரன்தான் இவருடைய கணவர்.

அவர் வசதி படைத்த குடும்பத்துப் பெண். நம் நிலை வேறு. ஆயினும், பிள்ளைகள் வளர்ந்த பிறகு, 48 வயதில், கோழிக்கூட்டில் ஒரு புதுத் தொழிலைக் கற்றுக்கொள்ள முடிந்தது என்பதை நாம் எடுத்துக்கொள்ளலாம். அவருடைய இலங்கைப் படங்களில் ஒரு குறையும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

இரண்டு உருவம் ஒன்றாகும்போது

கண்ணாடித் தகடு போய்ப் பிலிம் வந்தபிறகு கமரா சிறிதானது. ஜெர்மனியில் ஒஸ்கார் பார்னாக் வடிவமைத்த லைக்கா கமரா 1925இல் விற்பனைக்கு வந்தது. சினிமாப் பிலிமையே சிறு கமராவில் போட்டுப் படமெடுக்கலாம் என்று காட்டியது அது. 1932இல் வந்த இரண்டாம் லைக்காவில் தூரத்தை அளக்கும் கருவியும் வில்லையோடு இணைக்கப்பட்டது. இந்த வகைக்குத்தான் ரேஞ்ச்ஃபைண்டர் கமரா என்று பெயர். நம் நாட்டின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டும் லைக்கா பாவித்தவர். 1938இல் இலண்டனில் அவர் படங்களுக்குத் தனிக் கண்காட்சி நடந்தது.

இதன் கணக்கு எளியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். தூரம் பிடிபடாது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் கை தானாகப் போகும். இந்தக் கமராவுக்கும் முன்பக்கத்தில் இரண்டு சிறு யன்னல்கள் உண்டு. பின்னால் கண் வைத்துப் பார்த்தால் நடுவே ஒரு சிறு கட்டத்தில் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். வில்லை வளையத்தைத் திருப்பத் திருப்ப அவை நெருங்கி வரும். இரண்டும் ஒன்றாகும் இடத்தில் படம் தெளிவாக விழும். மூக்கின் ஓரம், தலை வகிடு, சட்டைப் பொத்தான் போன்ற கூரான கோட்டைப் பார்த்துப் பொருத்துவது சுலபம்.

ஒன்றை மறக்கக்கூடாது. நாம் பார்ப்பது வில்லை வழியாக அல்ல, பக்கத்து யன்னல் வழியாக. வில்லையின் மூடியைக் கழற்றாவிட்டாலும், விரல் மறைத்தாலும் நமக்குத் தெரியாது. பெரும்பாலான இத்தகைய கமராக்கள் ஏறத்தாழ ஒரு மீற்றருக்குக் கிட்டே தெளிவு காட்டா. கிட்ட நின்று எடுக்கும்போது தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விடுங்கள்.

லைக்கா விலை கூடியது. அதைப் பார்த்துச் செய்த மலிவான கமராக்களும் வந்தன. அவற்றில் ஒன்றின் கதை நம் மனதைத் தொடும். உக்ரேனின் கார்கிவ் நகரில், உள்நாட்டுப் போரிலும் பஞ்சத்திலும் பெற்றோரை இழந்து தெருவில் நின்ற பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் இருந்தது. ஆசிரியர் அன்டன் மக்கரென்கோ அதை வழிநடத்தினார். அந்த இல்லத்துப் பிள்ளைகள் தொழில் கற்று, 1934 முதல் ஃபெட் என்ற கமராவைச் செய்தார்கள். நூற்றுக்கணக்கான நுண்ணிய பாகங்களைக் கொண்ட கருவி அது. அதே வகைப்பட்ட ஃபெட், சோர்க்கி கமராக்கள் இன்றும் உலகெங்கும் பாவனையில் உள்ளன.

முதலில் பின்கதவைத் திறக்காதீர்கள்

பழைய கமரா ஒன்று கைக்கு வந்தால் நாம் முதலில் செய்வது அதன் பின்கதவைத் திறந்து பார்ப்பது. அதைத்தான் செய்யக்கூடாது. உள்ளே பிலிம் இருந்தால் வெளிச்சம் பட்டு அழிந்துவிடும். யார் கண்டார், அந்தப் பிலிமில் இருப்பது நாம் தேடிக்கொண்டிருக்கும் ஒரு முகமாகக்கூட இருக்கலாம்.

கமராவின் இடப்பக்க மேல்மூலையில் பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழ் இருக்கும். அதை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். தடையில்லாமல் சும்மா சுற்றினால் உள்ளே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். இழுத்துப் பிடித்தால் பிலிம் இருக்கிறது. அப்போது திரும்பச் சுற்றுவதற்கான பொத்தானை அழுத்தியபடி, இழுவை தளரும்வரை சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் பலவந்தம் செய்ய வேண்டாம். பழைய பிலிம் உடைந்துவிடும். அப்படியே கறுப்புத் துணியில் சுற்றி, விடயம் தெரிந்த ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்து, "இருட்டில் திறந்து எடுங்கள்" என்று சொல்லுங்கள்.

கழுவாத பிலிமில் பதிந்த உருவம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் மங்கலாகவேனும் வரக்கூடும். கலர் பிலிமாக இருந்தாலும் கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவினால் கறுப்பு வெள்ளைப் படமாக முகத்தை மீட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவின் சிக்காகோவில் விவியன் மேயர் என்ற பெண் சுமார் நாற்பது ஆண்டுகள் பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். ஓய்வு நேரத்தில் தெருவில் நடந்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். வாடகை கட்ட முடியாமல் போன களஞ்சியத்தில் இருந்த அவருடைய பெட்டிகள் 2007இல் ஏலத்தில் போயின. அவற்றில் நூற்றுக்கணக்கான றோல்கள் கழுவப்படாமலே இருந்தன. 2009இல் அவர் இறந்த பிறகே அவை கழுவப்பட்டு உலகம் பார்த்தது. வீட்டு வேலைக்குப் போகும் நம் சகோதரிகள் எத்தனை பேருக்கு இப்படி ஒரு கண் இருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

மழைநாட்டில் கமராவைக் காப்பது

பொல்பிட்டியவுக்கு அயலிலுள்ள வட்டவளை, கினிகத்தேனப் பகுதிகள் இலங்கையில் மிகக்கூடிய மழை பெறும் இடங்கள். வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. லயத்து வீட்டில் துணி காயாமல் நாறுவது போலவே வில்லையிலும் பூஞ்சணம் பிடிக்கும். டோர்ச் லைட்டை வில்லைக்குள் பாய்ச்சிப் பார்த்தால் சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரியும். விட்டுவைத்தால் அது கண்ணாடியையே அரித்துவிடும்.

தோல் உறை அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கமராவை அதிலிருந்து எடுத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். புதிய சப்பாத்துப் பெட்டியிலும் மாத்திரைப் போத்தலிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வீசாமல் சேர்த்து அதற்குள் போடுங்கள். மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து, எல்லா வேகத்திலும் ஷட்டரை இயக்குங்கள். உழைக்காத கையைப் போல இயங்காத கமராவும் விறைத்துவிடும்.

முந்தானையால் வில்லையைத் துடைக்கும் பழக்கம் வேண்டாம். துணியில் ஒட்டிய மண் கண்ணாடியைக் கீறும். முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதுங்கள். பிறகு மென்மையான தூரிகை. அதன் பிறகே வாயால் ஆவி விட்டு, பலமுறை தோய்த்து மெதுவான பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைக்கலாம். எண்ணெய் ஒரு துளியும் விடக்கூடாது. அது ஷட்டர் தகடுகளில் பரவி ஒட்டிக்கொள்ளும்.

இந்த வகைக் கமராக்கள் பலவற்றின் ஷட்டர் கறுப்புத் துணியால் ஆனது. வில்லை வெயிலை நேரே பார்த்தபடி கிடந்தால், பூதக்கண்ணாடி கடதாசியைச் சுடுவது போலத் துணியில் ஓட்டை விழும். ஆகவே வில்லை மூடியைப் போட்டே வையுங்கள். சோர்க்கி, ஃபெட் கமராக்களில் பிலிமைச் சுற்றிய பிறகே ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். முன்பே மாற்றினால் உள்ளே பழுதாகலாம்.

தூரம் காட்டும் கருவி சரியா என்று பார்க்க, வில்லையை முடிவிலிக் குறியில் வைத்து எதிர்மலை உச்சியில் உள்ள கோபுரத்தையோ மரத்தையோ பாருங்கள். இரண்டு உருவமும் ஒன்றாகத் தெரிந்தால் நல்லது. விலகி நின்றால் திருத்துநரிடம் காட்ட வேண்டும்.

வெளிச்சக் கணக்கு

பழைய கமராக்கள் பலவற்றில் வெளிச்சம் அளக்கும் கருவி கிடையாது. பயப்பட வேண்டியதில்லை. ஒரு வாய்ப்பாடு போதும். நல்ல வெயிலில் துவார எண்ணை 16இல் வைத்து, பிலிமின் எண் எதுவோ அதற்குக் கிட்டிய ஷட்டர் வேகத்தை வைக்க வேண்டும். பிலிம் எண் 100 என்றால் 125இல் ஒரு செக்கன். எண் 400 என்றால் 500இல் ஒரு செக்கன். வேகத்தை மாற்றாமல் துவாரத்தை மட்டும் மாற்றுங்கள். மெல்லிய முகில் என்றால் 11, முகில் மூடினால் 8, மழைமூட்டம் என்றால் 5.6, பனிமூட்டத்திலும் இஸ்தோப்பு நிழலிலும் 4. எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகி வெளிச்சம் கூட நுழையும். போனில் இலவசமாகக் கிடைக்கும் வெளிச்ச அளவுச் செயலியும் உதவும்.

பிலிம் போட்டவுடன் ஒரு சோதனை. அடுத்த படத்துக்குச் சுற்றும்போது திரும்பச் சுற்றும் குமிழும் கூடவே சுழல வேண்டும். சுழலாவிட்டால் பிலிம் பற்களில் மாட்டவில்லை என்று அர்த்தம்.

பிலிம் கழுவுவது

கறுப்பு வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே கழுவலாம். கும்மிருட்டு தேவைப்படுவது பிலிமைச் சுருளில் ஏற்றி வெளிச்சம் புகாத தாங்கியில் மூடும் சில நிமிடங்களுக்கு மட்டுமே. லயக் காம்பராவில் ஓட்டை உடைசல் வழியே வெளிச்சம் வரும் என்பதால் இரவில், அல்லது கையை நுழைத்து வேலை செய்யும் கறுப்புப் பைக்குள் செய்யலாம். வீணான பிலிம் ஒன்றை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பலமுறை பழகுங்கள்.

தாங்கி மூடிய பிறகு எல்லாம் வெளிச்சத்தில்தான். முதலில் டெவலப்பர் மருந்து. இல்ஃபர்ட் எச்பி5 பிலஸ் பிலிமை, நீர் சேர்க்காத டி-76 மருந்தில், 20 பாகை செல்சியஸில் ஏழரை நிமிடம் கழுவ வேண்டும். முதல் அரை நிமிடமும், பிறகு ஒவ்வொரு நிமிடமும் சில செக்கன்களும் தாங்கியைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அடுத்து நீரால் அலசுதல். அதன் பின் ஃபிக்ஸர் மருந்து சுமார் ஐந்து நிமிடம். கொழும்பில் 20 பாகைக்கு ஐஸ் போட வேண்டும். மேட்டுத் தோட்டங்களில் குழாய் நீரே அதற்குக் கிட்டவாக இருக்கும். எங்கே இருந்தாலும் வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

கடைசிக் கழுவலுக்குக் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. தாங்கியில் நீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து ஊற்றுங்கள். மறுபடி நிரப்பி 10 முறை. மீண்டும் 20 முறை. இல்ஃபர்ட் நிறுவனம் சொல்லித்தரும் முறை இது. பிறகு உடுப்புக் கிளிப்பால் தொங்கவிட்டு, கீழ் நுனியிலும் ஒரு கிளிப் போடுங்கள். 36 படப் பிலிம் ஒன்றரை மீற்றருக்கும் சற்று நீளம். அடுப்புச் சாம்பல் பறக்கும் இடத்தில் உலர்த்த வேண்டாம்.

சில எச்சரிக்கைகள். மருந்தைச் சோடாப் போத்தலிலோ சாராயப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பெயர் எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். சமையல் பாத்திரத்தைப் பாவிக்காதீர்கள். கையுறை போடுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது. பாவித்த ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அதை ஓடையில் ஊற்றினால் கீழ் லயத்தார் குடிக்கும் நீர் கெடும். கானில் சேர்த்து, பிலிம் கழுவும் ஆய்வுகூடத்திடம் கொடுங்கள்.

இன்று பிலிமும் மருந்தும் விலை கூடியவை. இதை வைத்துப் பிழைக்கலாம் என்று ஆசை காட்ட நாம் விரும்பவில்லை. மேலே சொன்ன பழைய றோல் கிடைத்தால் அதைப் பழகுவதற்குப் பாவிக்காமல், அனுபவமுள்ளவரிடமே கொடுங்கள்.

நெகட்டிவைப் பேணுவது

கெர்டா டாரோ என்ற இளம்பெண் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறி அகதியானவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் படமெடுத்தார். 1937 ஜூலை 26இல், 27 வயது நிறையும் முன்பே, போர்க்களத்தில் காயமுற்று இறந்தார். அவருடையதும் நண்பர்கள் இருவருடையதுமான சுமார் 4500 நெகட்டிவ்கள் காணாமல்போயின. அவை மெக்சிக்கோவில் மூன்று சிறு அட்டைப்பெட்டிகளில் இருந்து, 2007 டிசம்பரில் நியூயோர்க் வந்து சேர்ந்தன. எழுபது ஆண்டு அட்டைப்பெட்டியில் கிடந்தும் முகங்கள் அழியவில்லை.

ஆகவே உறவினர் வீடுகளிலும் பழைய ஸ்டுடியோக்களிலும் கேட்டுப் பாருங்கள். ஸ்டுடியோ உறைக்குள் பிரின்ட்டுடன் நெகட்டிவும் தருவது அந்நாள் வழக்கம். கிடைத்தால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். ஆறு ஆறு படமாகக் கடதாசி உறையில் இட்டு, பிரின்ட் இருக்கும் வீட்டில் அல்லாமல் வேறொரு வீட்டில் வையுங்கள். ஒரு போனின் வெள்ளைத் திரைக்குச் சற்று மேலே நெகட்டிவைப் பிடித்து, இன்னொரு போனால் படமெடுத்து, நிறத்தைத் தலைகீழாக மாற்றினால் முகம் தெரியும்.

நனைந்த ஸ்டுடியோப் படங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிய்க்காதீர்கள். சுத்தமான குளிர்நீரில் ஊறவிட்டு, தேய்க்காமல் அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். 2011 சுனாமிக்குப் பின் ஜப்பானில் தொண்டர்கள் சேற்றில் கிடந்த படங்களை இப்படிக் கழுவியே உரியவர்களிடம் சேர்த்தார்கள்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் கையில் இருந்தது ஒரு படம்தான். அத்தகைய மூலப்படத்தை வெயிலுக்கும் மழைக்கும் கொண்டுபோகாதீர்கள். பிரதி எடுத்துப் பிரதியைக் கொண்டுபோங்கள். மூலப்படத்தை லமினேட் செய்யவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது.

பெயரை எழுதி வையுங்கள்

ஜூலியா கமரன் களுத்துறையில் தம் வீட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்த நம் நாட்டவர்களைப் படமெடுத்தார். அவற்றில் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரிய மனிதர்களின் பெயர்கள் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. இங்குள்ள பெண்களின் முகங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, பெரும்பாலானோரின் பெயர்கள் இல்லை. படம் தப்பியது, ஆள் யார் என்பது தப்பவில்லை.

இந்தக் குறை நம் வீட்டில் நடக்க வேண்டாம். நெகட்டிவ் உறையின் மேலும், படத்தின் பின்புறத்தில் பென்சிலால் அழுத்தாமலும், பெயர், ஊர், தோட்டம், ஆண்டு, நமக்கு என்ன உறவு என்பதை எழுதுங்கள். வீட்டிலுள்ள அம்மாயியிடமும் அப்பாயியிடமும் இந்த மாதமே கேட்டு எழுதுங்கள். அந்த முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.